பாய்ரோவும் மிஸ் மார்ப்பிளும் ஒரே உலகத்தில்தான் வாழ்கிறார்களா?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல்கள் ஒவ்வொன்றும் தனிக்கதைதானே, எதை வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாமா? அவருடைய இரு பெரும் துப்பறிவாளர்களான பாய்ரோவும் மிஸ் மார்ப்பிளும் எங்காவது சந்திக்கிறார்களா?

இரண்டாவதற்கு முதலில் பதில்: சந்திப்பதே இல்லை. எந்த நாவலிலும் எந்தச் சிறுகதையிலும் இருவரும் சேர்ந்து வரவில்லை. ஆனால் இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோருமே கதையின் ஓரத்தில் வந்து போகிறவர்கள்: ஒரு பாதிரியாரின் மனைவி, ஒரு பணக்காரர், ஓர் எழுத்தாளர். துப்பறிவாளரை மட்டும் பின்தொடர்ந்து படித்தால் இந்த இணைப்புகள் கண்ணில் படாது. துணைப்பாத்திரங்களின் பெயர்களைக் கவனித்துப் படித்தால், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் எழுதப்பட்ட இந்தப் புத்தகங்கள் ஒரே ஊர்க்காரர்களின் கதையாகத் தெரியத் தொடங்கும். முதல் கேள்விக்கான பதிலும் இதிலிருந்தே வருகிறது. பெரும்பாலான நாவல்களை எந்த வரிசையிலும் படிக்கலாம். ஆனால் சில இடங்களில் வரிசை தவறினால் இன்னொரு நாவலின் கொலையாளி யார் என்பது ஒரே வாக்கியத்தில் அம்பலமாகிவிடும். அந்த இடங்களைக் கீழே சொல்கிறேன். நான் எந்த முடிவையும் உடைக்கப் போவதில்லை.

இணைப்புகளிலேயே அழகானது 1961-ல் வந்த 'தி பேல் ஹார்ஸ்'. இதில் பாய்ரோ இல்லை, மார்ப்பிளும் இல்லை. மார்க் ஈஸ்டர்புரூக் என்ற வரலாற்று ஆய்வாளர்தான் கதை சொல்கிறார். அவருடைய உறவுக்காரப் பெண் ரோடா, மச் டீப்பிங் என்ற கிராமத்தில் இருக்கிறாள். அந்த ஊர்ப் பாதிரியாரின் மனைவி திருமதி டேன் கால்த்ரோப். ஊர்த் திருவிழாவுக்கு வரும் பிரபல துப்பறியும் கதை எழுத்தாளர் அரியாட்னி ஆலிவர். படிக்கும்போது மூவரும் சாதாரணக் கிராமத்துப் பின்னணியாகத்தான் தோன்றுவார்கள். இனி ஒவ்வொருவராகப் பின்னோக்கிப் போய்ப் பாருங்கள்.

டேன் கால்த்ரோப் அம்மையார் 'தி மூவிங் ஃபிங்கர்' நாவலில் (அமெரிக்காவில் 1942, பிரிட்டனில் 1943) லிம்ஸ்டாக் என்ற சிற்றூரில் இருந்தவர். மொட்டைக் கடிதங்களால் ஊரே நடுங்கிக்கொண்டிருக்கும்போது, மனிதர்களின் தீய குணங்களை நன்கு அறிந்த ஒருவரை வரவழைக்க வேண்டும் என்று சொல்லித் தன் தோழியை அழைத்து வருபவர் இவர்தான். அந்தத் தோழி மிஸ் மார்ப்பிள். ஆலிவர் அம்மையாரோ பாய்ரோவின் நெருங்கிய சிநேகிதி. பாய்ரோவுடன் ஆறு நாவல்களில் வருகிறார். ரோடா, 1936-ல் வந்த 'கார்ட்ஸ் ஆன் தி டேபிள்' நாவலின் ரோடா டாஸ். அதில் சந்தேகத்துக்கு உள்ளான ஒரு பெண்ணின் தோழியாக வந்து, ஆலிவரின் வாசகியாக அவர் வீட்டுக்கே போய்வந்தவள். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துத் திருமணமாகி மச் டீப்பிங்கில் குடியிருக்கிறாள். கணவர் பெயரை வேண்டுமென்றே இங்கே விடுகிறேன். பழைய நாவலைப் படிக்காதவருக்கு அந்தப் பெயரே ஒரு துப்பு. ஆக, மார்ப்பிளின் தோழியும் பாய்ரோவின் தோழியும் ஒரே ஊரில், ஒரே விவகாரத்துக்குள் வந்து சேர்கிறார்கள். கிறிஸ்டி இதை எங்கும் தட்டிச் சொல்லவில்லை. பழைய வாசகர் கண்டுகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

அடுத்தவர் திரு. ராபின்சன். பருத்த உடம்பு, மஞ்சள் நிற முகம், சோகமான கண்கள். ராபின்சன் என்பது அவர் உண்மைப் பெயராக இருக்க முடியாது என்பது பார்த்தவுடனே தெரியும். உலகத்தில் பெரும் பணம் எங்கே போகிறது, எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்தவர். 1959-ன் 'கேட் அமங் தி பிஜன்ஸ்' பாய்ரோ நாவல், அதில் வருகிறார். 1965-ன் 'அட் பெர்ட்ராம்ஸ் ஹோட்டல்' மார்ப்பிள் நாவல். அதில் தலைமை ஆய்வாளர் டேவி இவரைத் தேடிப் போய்த்தான் அந்த ஹோட்டலின் பணப் பின்னணியைத் தெரிந்துகொள்கிறார். 1970-ன் உளவுக் கதையான 'பேசஞ்சர் டு ஃபிராங்க்ஃபர்ட்', 1973-ல் வந்த, டாமி–டப்பென்ஸ் என்ற துப்பறியும் தம்பதியின் கடைசி நாவல் 'போஸ்டர்ன் ஆஃப் ஃபேட்' இரண்டிலும் இருக்கிறார். பாய்ரோ, மார்ப்பிள், டாமி–டப்பென்ஸ் ஆகிய மூன்று தொடர்களிலும் நேரடியாக வந்து பேசும் பாத்திரம் இவர் ஒருவர்தான். கூடவே, சாம்பல் கொட்டிய சட்டையும் பாதி மூடிய கண்களுமாக இருக்கும் உளவுத்துறை கர்னல் பைக்அவேயும் இந்த நான்கில் மூன்றில் வருவார். மார்ப்பிள் நாவலில் மட்டும் இல்லை. கடைசி இரண்டு நாவல்களும் கிறிஸ்டியின் பலவீனமான புத்தகங்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ராபின்சனுக்காக மட்டும் அவற்றை முதலில் எடுக்காதீர்கள்.

'கேட் அமங் தி பிஜன்ஸ்' பற்றி இன்னொரு சிறு விஷயம். பள்ளிச் சிறுமி ஜூலியா அப்ஜான் பாய்ரோவிடம் உதவி கேட்டு வருகிறாள். இவரைப் பற்றி அவளுக்கு எப்படித் தெரியும்? திருமதி சம்மர்ஹேஸ் சொல்லியிருக்கிறார். 1952-ன் 'மிசஸ் மெகின்டீஸ் டெட்' நாவலில், சமைக்கவே தெரியாமல் விடுதி நடத்திப் பாய்ரோவைப் படாதபாடு படுத்தியவர் அந்தச் சம்மர்ஹேஸ். ஜூலியா பேச்சுவாக்கில் அவர் நல்ல ஆம்லெட் செய்வார் என்கிறாள். பாய்ரோவுக்கு உச்சி குளிர்ந்துவிடுகிறது, ஏனென்றால் ஆம்லெட் போடக் கற்றுக்கொடுத்தவரே இவர்தான். பழைய நாவலைப் படிக்காதவருக்கு அது வெறும் உரையாடல். படித்தவருக்கு ஏழு வருடம் கழித்து வந்த நல்ல செய்தி.

போலீஸ், உளவுத்துறை ஆட்களில் இருவரைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். ஒருவர் சூப்பரிண்டெண்டென்ட் பேட்டில். 'தி சீக்ரெட் ஆஃப் சிம்னீஸ்' (1925), 'தி செவன் டயல்ஸ் மிஸ்டரி' (1929), 'கார்ட்ஸ் ஆன் தி டேபிள்' (1936), 'மர்டர் இஸ் ஈசி' (1939), 'டுவர்ட்ஸ் ஜீரோ' (1944) என ஐந்து நாவல்கள். மற்றவர் கர்னல் ரேஸ்: 'தி மேன் இன் தி பிரவுன் சூட்' (1924), 'கார்ட்ஸ் ஆன் தி டேபிள்', 'டெத் ஆன் தி நைல்' (1937), 'ஸ்பார்க்ளிங் சயனைட்' (1945). பாய்ரோ இல்லாத கதைகளில் தொடங்கிய இந்த இருவரும் 'கார்ட்ஸ் ஆன் தி டேபிள்' விருந்தில்தான் பாய்ரோவோடும் ஆலிவரோடும் ஒரே மேசைக்கு வருகிறார்கள். நான்கு துப்பறிவாளர்கள், நான்கு சந்தேக நபர்கள், கணப்பருகே செத்துக் கிடக்கும் விருந்து கொடுத்தவர்.

இந்தக் கதைக்கு முன்னறிவிப்பும் உண்டு. அதே 1936-ல் சில மாதங்கள் முன்பு வெளிவந்த 'தி ஏபிசி மர்டர்ஸ்' நாவலில், தனக்குப் பிடித்த குற்றம் எப்படியிருக்கும் என்று பாய்ரோ தன் நண்பர் ஹேஸ்டிங்ஸிடம் விவரிக்கிறார்: நான்கு பேர் பிரிட்ஜ் என்ற சீட்டாட்டம் ஆடுகிறார்கள், ஆட்டத்தில் சேராத ஒருவர் கணப்பருகே உட்கார்ந்திருக்கிறார், இரவு முடியும்போது அவர் இறந்து கிடக்கிறார். ஹேஸ்டிங்ஸுக்கு அதில் சுவாரசியம் தெரியவில்லை. 'கார்ட்ஸ் ஆன் தி டேபிள்' முன்னுரையில், இந்த வழக்கு பாய்ரோவுக்கு மிகவும் பிடித்தது, ஹேஸ்டிங்ஸுக்கோ சப்பென்று இருந்தது என்று கிறிஸ்டி எழுதுகிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பது பெரிய இன்பம்.

பேட்டிலின் கதை ஐந்தோடு முடியவில்லை என்பது என் கருத்து. 1963-ன் 'தி கிளாக்ஸ்' நாவலில் கொலின் லாம்ப் என்ற உளவுத்துறை இளைஞன் வருகிறான். லாம்ப் உண்மையான குடும்பப் பெயர் அல்ல. அவன் அப்பா ஓய்வுபெற்ற போலீஸ் சூப்பரிண்டெண்டென்ட், பாய்ரோவின் பழைய நண்பர். பேட்டில் என்ற பெயரைக் கிறிஸ்டி சொல்லவே இல்லை. ஆனால் இந்த விவரங்களுக்கெல்லாம் பொருந்துகிற ஆள் வேறு யாரும் இல்லை.

பாய்ரோவின் வீட்டு ஆட்களும் வேறு இடத்திலிருந்து வந்தவர்களே. செயலாளர் மிஸ் லெமன் முதலில் கிறிஸ்டியின் இன்னொரு கதாநாயகரான பார்க்கர் பைனிடம் வேலை பார்த்தவர். ஆலிவர் முதலில் தோன்றியதும் அந்தப் பார்க்கர் பைன் கதைகளில்தான். 1934-ல் தொகுப்பாக வந்தன. மிஸ்டர் கோபி என்ற தகவல் சேகரிப்பாளர் 1928-ன் 'தி மிஸ்டரி ஆஃப் தி ப்ளூ டிரெய்ன்' நாவலில் ஓர் அமெரிக்கக் கோடீஸ்வரருக்கு வேலை செய்கிறார். கால் நூற்றாண்டு கழித்து 'ஆஃப்டர் தி ஃபியூனரல்' (1953), அப்புறம் 'தேர்ட் கேர்ள்' (1966) எனப் பாய்ரோவிடம் வருகிறார். ஆளைப் பார்த்துப் பேசவே மாட்டார். ஜன்னலையோ அறைச் சாமானையோ பார்த்துக்கொண்டு அறிக்கை ஒப்பிப்பார். பெயர் மறந்திருந்தாலும் இந்தப் பழக்கத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். சூப்பரிண்டெண்டென்ட் ஸ்பென்ஸ் நான்கு நாவல்களில் வருகிறார்: 'டேக்கன் அட் தி ஃப்ளட்' (1948), 'மிசஸ் மெகின்டீஸ் டெட்', 'ஹாலோவீன் பார்ட்டி' (1969), 'எலிஃபண்ட்ஸ் கேன் ரிமெம்பர்' (1972). நான்காவதில் பழைய வழக்குகள் நிறையப் பேசப்படுவதால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நுணுக்கம்: 'கார்ட்ஸ் ஆன் தி டேபிள்' நாவலில் ஆலிவர் எழுதியதாகக் குறிப்பிடப்படும் புத்தகங்களில் ஒன்று 'தி பாடி இன் தி லைப்ரரி'. அந்தத் தலைப்பில் கிறிஸ்டியே 1942-ல் ஒரு நாவல் எழுதினார், மார்ப்பிளை வைத்து.

மார்ப்பிள் பக்கத்தில் மறைவு குறைவு, தொடர்ச்சி அதிகம். 'தி மர்டர் அட் தி விகரேஜ்' (1930) பாதிரியாரும் அவர் மனைவி கிரிசெல்டாவும் பின்னாலும் தலைகாட்டுவார்கள். 'தி பாடி இன் தி லைப்ரரி' நாவலில் பிணம் கிடந்த காசிங்டன் ஹாலை, கர்னல் பேன்ட்ரி இறந்த பிறகு அவர் மனைவி விற்றுவிட, இருபது ஆண்டுகள் கழித்து 'தி மிரர் கிராக்டு' (1962) நாவலில் அதே வீட்டுக்கு ஒரு சினிமா நடிகை குடிவருகிறார். ஆய்வாளர் கிராடக், ஸ்காட்லாந்து யார்டின் முன்னாள் தலைவர் சர் ஹென்றி கிளித்தரிங்கின் ஞானமகன். மார்ப்பிளை அவன் நம்பத் தொடங்குவதே அந்த உறவால்தான். வரிசை மாற்றவே கூடாத ஜோடி ஒன்று உண்டு: 'எ கரீபியன் மிஸ்டரி' (1964), பிறகு 'நெமிசிஸ்' (1971). முதலாவதில் சந்தித்த கோடீஸ்வரர் ரஃபீலின் மரண அறிவிப்பைச் செய்தித்தாளில் பார்ப்பதில்தான் இரண்டாவது தொடங்குகிறது. முதலாவதைப் படிக்காவிட்டால் அந்தக் காட்சி வெறும் தகவலாகப் போய்விடும்.

இப்போது ஆபத்தான இடங்கள்.

மிக மோசமானது 1937-ன் 'டம்ப் விட்னெஸ்'. அதில் பாய்ரோ, பழகுவதற்கு இனிமையாக இருந்த கொலைகாரர்கள் என்று நான்கு பெயர்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறார். அவர்கள் முறையே வேறு வேறு நான்கு நாவல்களின் விடைகள். ஆகவே 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்' (1920), 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' (1926), 'தி மிஸ்டரி ஆஃப் தி ப்ளூ டிரெய்ன்' (1928), 'டெத் இன் தி கிளவுட்ஸ்' (1935) நான்கையும் முடிக்காமல் 'டம்ப் விட்னெஸ்' பக்கம் போகவே போகாதீர்கள். அக்ராய்ட் நாவலின் முடிவை இப்படி ஒரு வரியில் இழப்பதைப் போல வருத்தமானது துப்பறியும் இலக்கியத்தில் வேறில்லை.

'மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' (1934) நாவலுக்கு இரண்டு எதிரிகள். 'கார்ட்ஸ் ஆன் தி டேபிள்' நாவலில் பாய்ரோ இரண்டு பெண்களுக்கு ஒரு கத்தியைக் காட்டி, அதன் வரலாற்றை ஒரே வாக்கியத்தில் சொல்கிறார். அந்த வாக்கியமே முழு விடை. 1938-ன் 'அப்பாயின்ட்மென்ட் வித் டெத்' நாவலிலும் அந்த வழக்கு எப்படி முடித்துவைக்கப்பட்டது என்பதை ஒருவர் பாய்ரோவிடம் எடுத்துச் சொல்கிறார். இன்னொன்று: 'த்ரீ ஆக்ட் டிராஜெடி' நாவலில் வந்த கர்னல் ஜான்சன், 1938-ன் 'ஹெர்க்யூல் பாய்ரோஸ் கிறிஸ்மஸ்' நாவலில் மறுபடி வந்து பழைய வழக்கைப் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார். முதலாவதைப் படிக்காதவருக்கு அத்தோடு சந்தேகம் தீர்ந்துபோகும்.

ஆகவே பாய்ரோவில் 1938 வரை வெளியான வரிசையிலேயே படிப்பது பாதுகாப்பு. அதன் பிறகு சுதந்திரம் அதிகம். 'கர்ட்டன்' (1975) மட்டும் கடைசியில். அதற்கு முன் ஸ்டைல்ஸ் நாவலை மறுபடி ஒருமுறை புரட்டுங்கள், இரண்டும் ஒரே வீட்டில் நடக்கின்றன.

சிறுகதைகளிலும் எச்சரிக்கை தேவை. கிறிஸ்டி தன் சிறுகதைகளை நாவலாக விரிப்பது வழக்கம். 'தி பிளிமத் எக்ஸ்பிரஸ்' கதை ப்ளூ டிரெய்ன் நாவலாயிற்று. பாய்ரோ வரும் 'எல்லோ ஐரிஸ்', கர்னல் ரேஸ் வரும் 'ஸ்பார்க்ளிங் சயனைட்' ஆயிற்று. 'டிரையாங்கிள் அட் ரோட்ஸ்' கதைக்கும் 'ஈவில் அண்டர் தி சன்' நாவலுக்கும் நெருங்கிய உறவு. இந்த ஜோடிகளில் நாவலை முதலில் படியுங்கள்.

எல்லாவற்றிலும் விசித்திரமான இணைப்பு ஒரு பெயர் தெரியாத முதிய பெண். 'ஸ்லீப்பிங் மர்டர்' என்ற மார்ப்பிள் நாவலில் க்வெண்டா என்ற இளம்பெண் ஒரு மனநல இல்லத்துக்குப் போகிறாள். கையில் பால் தம்ளரோடு இருக்கும் நரைத்த கிழவி ஒருத்தி, உங்கள் குழந்தையா அது என்று பரிவோடு கேட்டு, கணப்புக்குப் பின்னால் என்று ரகசியம் பேசுகிறாள். கதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'தி பேல் ஹார்ஸ்' நாவலில் ஒருவர் தான் கேட்ட அனுபவமாக இதே பாலையும் கணப்பையும் குழந்தையையும் சொல்கிறார். அங்கும் சம்பந்தமில்லை. 1968-ல் 'பை தி பிரிக்கிங் ஆஃப் மை தம்ஸ்' நாவலில் டப்பென்ஸிடம் ஒரு முதியோர் இல்லத்தில் இதே கேள்வி கேட்கப்படுகிறது. இந்த முறை நாவலே அந்தக் கேள்வியிலிருந்துதான் கிளம்புகிறது. வெளியான வரிசையில் 'ஸ்லீப்பிங் மர்டர்' கடைசி (1976), ஆனால் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே எழுதிப் பூட்டிவைக்கப்பட்டது. எழுதிய வரிசையில் அதுதான் முதல். ஒரு படிமம் கிறிஸ்டியின் மனத்தில் பல ஆண்டுகள் கிடந்து, கடைசியில் தனக்கென்று ஒரு கதையைப் பெற்றுக்கொண்டது என்றே இதைப் படிக்கிறேன். மூன்றும் ஒரே கிழவியா என்று கணக்குப் போடுவதில் பயனில்லை.

அந்த எழுதிய காலம் இன்னொரு புதிரையும் அவிழ்க்கும். 'தி மிரர் கிராக்டு' நாவலில் இறந்துவிட்டிருந்த கர்னல் பேன்ட்ரி, பதினான்கு வருடம் பிந்தி வெளியான 'ஸ்லீப்பிங் மர்டர்' நாவலில் உயிரோடு இருக்கிறார். அதனால் மார்ப்பிள் கதைகளைக் கால ஓட்டத்தில் படிக்க விரும்பினால் அதை 1940-களின் புத்தகங்களோடு வையுங்கள்.

எல்லா ஒற்றுமையும் இணைப்பு ஆகாது. மார்ப்பிள் வாழும் கிராமத்தின் பெயர் செயின்ட் மேரி மீட். ப்ளூ டிரெய்ன் நாவலின் கேத்தரின் கிரேயும் அதே பெயருள்ள ஊரிலிருந்து வருகிறாள். அங்கே மார்ப்பிளும் இல்லை, மார்ப்பிளின் அண்டை வீட்டார் எவரும் இல்லை. அது பெயர் மறுபயன்பாடு மட்டுமே. மார்ப்பிளின் மருமகன் ரேமண்ட் வெஸ்ட் மணக்கப்போகும் ஓவியர் ஆரம்பச் சிறுகதைகளில் ஜாய்ஸ், பின்னால் அவர் மனைவி ஜோன், இது மறதி. ஸ்டைல்ஸ் நாவலிலேயே ஓய்வுபெற்றுவிட்ட பாய்ரோ 1972 வரை வேலை செய்வதற்கு வயதுக் கணக்கு ஒத்துவராது. 1929-ன் 'பார்ட்னர்ஸ் இன் கிரைம்' தொகுப்பில் டாமியும் டப்பென்ஸும் கதைப்புத்தகத் துப்பறிவாளர்களை நடித்துக்காட்டும்போது பாய்ரோவையும் நடிக்கிறார்கள். ஆனால் பாய்ரோவின் நண்பரான ஆய்வாளர் ஜாப்பின் பெயர் அவர்களுடைய முதல் நாவலிலேயே நிஜ மனிதராக அடிபடுகிறது. நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் இதுதான்: பெயர் மட்டும் ஒத்தால் தற்செயல், பெயரோடு ஒரு பழைய சம்பவமோ, உறவோ, பழக்கமோ சேர்ந்து வந்தால்தான் இணைப்பு.

குறிப்பு எடுக்க விரும்புகிறவர்கள் ஒவ்வொரு நாவலுக்கும் மூன்று விஷயங்கள் எழுதினால் போதும்: துணைப்பாத்திரத்தின் முழுப்பெயர், அவர் தொழில் அல்லது உறவு, பேச்சில் வரும் பழைய வழக்கு. தலைப்புகளில் ஏமாறாதீர்கள், அமெரிக்கப் பதிப்புகளில் பல வேறு பெயரில் வரும். 'டம்ப் விட்னெஸ்' அங்கே 'பாய்ரோ லூசஸ் எ கிளையண்ட்'; 'லார்ட் எட்ஜ்வேர் டைஸ்' அங்கே 'தர்ட்டீன் அட் டின்னர்'; 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்' அங்கே 'மர்டர் இன் ரெட்ராஸ்பெக்ட்'. ஒரே நாவலை இரண்டு முறை வாங்கிவிட வாய்ப்பு அதிகம்.

தொலைக்காட்சித் தொடர்களை வைத்து இணைப்பு தேடவே வேண்டாம். டேவிட் சூஷே பாய்ரோவாக நடித்த தொடரில் (1989–2013) ஹேஸ்டிங்ஸ், ஜாப், மிஸ் லெமன் மூவரும் மூலத்தில் இல்லாத கதைகளிலும் நுழைக்கப்பட்டார்கள். 2004-ல் தொடங்கிய 'மார்ப்பிள்' தொடர் 'தி பேல் ஹார்ஸ்', 'டுவர்ட்ஸ் ஜீரோ' போன்ற, மார்ப்பிளே இல்லாத நாவல்களில் அவரைக் கொண்டுவந்தது. சூஷே தொடரின் 'கார்ட்ஸ் ஆன் தி டேபிள்' படத்தில் பேட்டிலும் ரேஸும் இல்லை, வேறு பெயர்களில் இரண்டு பேர் இருக்கிறார்கள். அதே தொடரின் 'தி கிளாக்ஸ்' படத்தில் கொலின், கர்னல் ரேஸின் மகனாகிவிட்டான். படத்தை முதலில் பார்த்தவர் நாவலில் பேட்டிலுக்கான குறிப்புகளைத் தாண்டிப் போய்விடுவார். அந்த ஒரு நாவலையாவது படத்துக்கு முன் படித்துவிடுங்கள்.